யெல்லோஸ்டோனில் இருவர், ஒரு வேன்: முதல்முறை செல்வோருக்கான வழிகாட்டி

கேம்ப்பர்வேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துக்கொண்டு யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவைச் சுற்றிவர நினைக்கும் தம்பதியர் பெரும்பாலும் வேனைத் தேடுவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள். நானும் என் கணவரும் முதல்முறை அப்படித்தான் செய்தோம். படுக்கையின் நீளம், அடுப்பின் வகை, கூரைமேல் சூரியத் தகடு உண்டா இல்லையா என்றெல்லாம் வாரக்கணக்கில் ஆராய்ந்து வேனை உறுதிசெய்தோம். இரவில் எங்கே நிறுத்துவது என்பதை மட்டும் போகும் வழியில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். முதல் நாள் மாலை மூன்று முகாம்களில் ‘இடமில்லை’ என்ற பலகையைப் பார்த்த பிறகு, காட்டெருமைகள் எந்த நேரமும் குறுக்கே வரக்கூடிய சாலையில், கும்மிருட்டில், பூங்காவுக்கு வெளியே இருந்த ஊரை நோக்கி ஒன்றரை மணி நேரம் ஊர்ந்துகொண்டே சென்றோம். ஆகையால் இந்த வழிகாட்டி இரவுத் தங்கலிலிருந்து தொடங்குகிறது. முகாமிடம் உறுதியானால் பயணத்தின் மற்ற எல்லாம் அதைச் சுற்றித் தானாக அமைந்துவிடும்.

அதற்கு முன் பூங்காவின் அமைப்பைச் சற்றே தெரிந்துகொள்ள வேண்டும். 1872 மார்ச் 1 அன்று அமைக்கப்பட்ட யெல்லோஸ்டோன், தேசியப் பூங்கா என்ற பெயரைப் பெற்ற முதல் நிலப்பரப்பாகும். ஏறத்தாழ 8,990 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அதன் பெரும்பகுதி வயோமிங் மாநிலத்திலும், ஓரங்கள் மொன்டானா, ஐடஹோ மாநிலங்களிலும் அமைந்துள்ளன. பூங்காவுக்குள் ‘8’ என்ற எண்ணைப் போல இரண்டு வளையங்களாக ஒரு சாலை சுற்றிவருகிறது. ‘கிராண்ட் லூப்’ எனப்படும் அச்சாலையின் நீளம் 142 மைல், அதாவது 228 கிலோமீட்டர். ஐந்து வாயில்களிலிருந்தும் வரும் சாலைகள் இந்த வளையங்களில்தான் வந்து சேர்கின்றன. வரைபடத்தில் பார்த்தால் ஒரே நாளில் சுற்றி முடித்துவிடலாம் போலத் தோன்றும். ஆனால் உச்ச வேகமே மணிக்கு 45 மைல்தான். 2021ஆம் ஆண்டில் மட்டும் 48 லட்சத்துக்கும் அதிகமான வருகைகள் பதிவான இடம் அது. ஒரு காட்டெருமைக் கூட்டம் சாலைக்கு வந்துவிட்டால் அது விலகும்வரை எல்லோரும் காத்திருக்கத்தான் வேண்டும். எனவே ஆறு இரவுகளுக்குக் குறைவாகத் திட்டமிடாதீர்கள்.

முதல் படி: இரவு நிறுத்துமிடம்

வேனில்தானே உறங்கப் போகிறோம், எங்காவது சாலையோரத்தில் நிறுத்திவிடலாம் என்று எண்ணுவது புதியவர்களின் முதல் தவறு. யெல்லோஸ்டோனில் குறிக்கப்பட்ட முகாமைத் தவிர வேறெங்கும், அதாவது வாகன நிறுத்துமிடம், சாலையோர ஒதுங்கிடம், சாப்பாட்டு மேசைகள் உள்ள இளைப்பாறும் இடம் ஆகிய எதிலும், இரவில் வாகனத்தை நிறுத்தி உறங்க அனுமதி இல்லை. பூங்காக் காவலர்களான ரேஞ்சர்கள் இரவில் சுற்றிவந்து கதவைத் தட்டுவார்கள்.

பூங்காவுக்குள் 12 முகாம்கள் உள்ளன. மேடிசன், கேன்யன், கிராண்ட் வில்லேஜ், பிரிட்ஜ் பே, ஃபிஷிங் பிரிட்ஜ் ஆகிய ஐந்தும் பூங்காவின் விடுதிகளை நடத்தும் ஒப்பந்த நிறுவனத்தின் பொறுப்பில் இருக்கின்றன. இவற்றின் முன்பதிவு மிக முன்னதாகவே திறந்துவிடுவதால், அடுத்த கோடைக்கான இடத்தை இந்தக் கோடையிலேயே தேடத் தொடங்குவது நல்லது. மாம்மத், நாரிஸ், ஸ்லூ கிரீக் உள்ளிட்ட மற்ற ஏழையும் பூங்கா நிர்வாகமே நடத்துகிறது. அவற்றுக்கு அரசின் ‘ரிக்ரியேஷன்.காவ்’ தளத்தில் பதிவு செய்ய வேண்டும். கிடைக்கவில்லை என்றால் மனம் தளர வேண்டாம். பயணத் தேதி நெருங்கும்போது பலர் ரத்து செய்வார்கள்; காலையும் மாலையும் தளத்தைத் திறந்து பார்ப்பவருக்கு அந்த இடங்கள் கிடைக்கும்.

வேன் பயணிகள் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமைப் பற்றி ஒன்றை அறிந்திருக்க வேண்டும். மின்சாரம், குடிநீர், கழிவுக்குழாய் மூன்றையும் வண்டியோடு நேரடியாக இணைத்துக்கொள்ளும் வசதி பூங்காவுக்குள் அங்கு மட்டுமே உண்டு. ஆனால் அது கிரிஸ்லி கரடிகள் நடமாடும் இடம் என்பதால், நான்கு புறமும் கெட்டியான சுவர் கொண்ட வாகனங்களுக்கு மட்டுமே அங்கு இடமுண்டு. கூரையைத் தூக்கினால் கேன்வாஸ் துணிச் சுவர் விரியும் வகை வேனை எடுத்திருந்தால் அங்கே தங்க முடியாது. வேனையும் முகாமையும் தனித்தனியாகப் பதிவு செய்துவிட்டுப் பிறகு இந்த விதியைப் படித்து வருந்துபவர்கள் இருக்கிறார்கள்.

என் பரிந்துரை இதுதான்: ஆறு இரவுகளில் மூன்றை மேற்குப் பக்கமுள்ள மேடிசனிலும், மூன்றைக் கிழக்குப் பக்கமுள்ள கேன்யனிலும் கழியுங்கள். ஒவ்வோர் இரவும் முகாம் மாற்றினால், காலையில் மூட்டை கட்டுவதிலும் மாலையில் இடம் தேடுவதிலும் நாளின் சிறந்த பொழுதுகள் போய்விடும். உள்ளே இடமே கிடைக்காதவர்கள், பூங்காவை ஒட்டியுள்ள கஸ்டர் கேலட்டின், பிரிட்ஜர்–டீட்டன் போன்ற தேசிய வனங்களில் தங்கலாம்; ஆனால் அங்கே செல்லும் வழிகள் பலவும் மண் பாதைகள். வாடகை ஒப்பந்தம் மண் பாதையை அனுமதிக்கிறதா என்பதைப் படித்துப் பார்த்த பிறகே அதை எண்ண வேண்டும்.

இரண்டாம் படி: மாதமும் வாயிலும்

நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் நடுப்பகுதிவரை பூங்காச் சாலைகளில் பெரும்பாலானவை சாதாரண வாகனங்களுக்கு மூடப்பட்டிருக்கும். வடக்கு வாயிலான கார்டினரிலிருந்து மாம்மத், லமார் பள்ளத்தாக்கு வழியாக வடகிழக்கு வாயில்வரை செல்லும் சாலை மட்டுமே ஆண்டு முழுவதும் திறந்திருக்கும். வசந்தத்தில் சாலைகள் ஒரே நாளில் திறப்பதில்லை. மேற்கு வாயில் ஏப்ரலிலும், தெற்கு வாயில் மே மாதத்திலும் திறக்க, 2,700 மீட்டர் உயரத்திலுள்ள டன்ரேவன் கணவாய் மே மாதக் கடைசிவரை பனியில் இருக்கும். ஜூலையில் எல்லாம் திறந்திருக்கும், கூட்டமும் அப்போதுதான் மிக அதிகம். முதல்முறை செல்லும் இருவருக்கு, பள்ளி விடுமுறையின் கட்டாயம் இல்லையென்றால், செப்டம்பரின் முதல் மூன்று வாரங்களையே சொல்வேன். கூட்டம் குறைந்திருக்கும், எல்க் மான்களின் இணைசேரும் பருவம் அது, ஆண் மான்கள் எழுப்பும், குழலூதுவது போன்ற நீண்ட ஒலி விடியற்காலையில் வேனுக்குள்ளிருந்தே கேட்கும். ஆனால் இரவுக் குளிர் உறைநிலையைத் தொடும். பனி எந்த மாதத்திலும் விழலாம் என்பதால், ஜூலையில் போனாலும் கம்பளிச் சட்டையும் குல்லாவும் பெட்டியில் இருக்கட்டும்.

வேன் கிடைக்கும் ஊர்கள் என்று பார்த்தால், மொன்டானாவிலுள்ள போஸ்மன் மிக அருகில் இருக்கிறது. அங்கிருந்து மேற்கு வாயிலுக்கு ஏறத்தாழ 145 கிலோமீட்டர். சால்ட் லேக் சிட்டியில் வேன்களும் விமானங்களும் அதிகம் என்றாலும் 500 கிலோமீட்டருக்கு மேல் ஓட்ட வேண்டும். மளிகைச் சாமான்களைப் பூங்காவுக்கு வெளியிலேயே வாங்கிவிடுங்கள். மொன்டானாவில் மாநில விற்பனை வரி இல்லை என்பதும் ஒரு சிறு ஆதாயம்.

நுழைவுக் கட்டணம் ஒரு வாகனத்துக்கு ஏழு நாட்களுக்கு 35 டாலர். தெற்கே அருகிலுள்ள கிராண்ட் டீட்டன் தேசியப் பூங்காவுக்குத் தனிக் கட்டணம். அமெரிக்காவில் வசிப்பவர்கள் 80 டாலருக்கு ஆண்டு பாஸ் வாங்கினால் இரண்டுக்கும் செல்லும். 2026 ஜனவரி 1 முதல் வெளிநாட்டிலிருந்து வருவோருக்கு ஆண்டு பாஸ் 250 டாலர் ஆகியிருக்கிறது. அது இல்லாமல் வருபவர்கள் யெல்லோஸ்டோன், கிராண்ட் டீட்டன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்துக்கு மேல் ஆளுக்கு 100 டாலர் தர வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரும் இருவர் இரு பூங்காக்களையும் பார்ப்பதாக இருந்தால் ஆண்டு பாஸே சிக்கனம். வாயிலில் அடையாள அட்டை கேட்பார்கள். கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள்.

மூன்றாம் படி: வேன்

ஃபோர்டு டிரான்சிட், ராம் புரோமாஸ்டர், மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் போன்ற சரக்கு வேன்களை வீடாக மாற்றியமைத்தவைதாம் பெரும்பாலும் வாடகைக்குக் கிடைக்கின்றன. ஏறத்தாழ ஆறு மீட்டர் நீளமுள்ள வேன் இருவருக்குப் போதும். அதைவிடப் பெரிதானால் கெய்சர்கள் எனப்படும், கொதிநீரைப் பீய்ச்சும் ஊற்றுகளுக்கு அருகிலுள்ள வாகன நிறுத்துமிடங்களில் இடம் கிடைப்பது கடினமாகிவிடும்.

வேனைக் கையில் வாங்கும்போது அவசரப்படாமல் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். இருவரும் காலணியைக் கழற்றிவிட்டுப் படுக்கையில் படுத்துப் பாருங்கள். பல வேன்களில் படுக்கை குறுக்குவாட்டில் இருப்பதால் உயரமானவருக்குக் கால் நீட்ட இடம் இருக்காது. நல்ல தண்ணீர்த் தொட்டி எவ்வளவு கொள்ளும், பாத்திரம் கழுவிய நீர் எந்தத் தொட்டியில் சேர்கிறது, அதை எப்படித் திறந்துவிடுவது, கழிவறைப் பெட்டியை எப்படிக் கழற்றுவது என்பவற்றை உங்கள் கையாலேயே ஒருமுறை செய்து பார்த்துவிடுங்கள். ஹீட்டரை எரியவிட்டுப் பாருங்கள். கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவியின் பொத்தானை அழுத்தி அது ஒலிக்கிறதா என்று சோதியுங்கள். ஒலிக்காத வேனை ஏற்காதீர்கள். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு உறங்குவது உயிரைப் பறிக்கும் செயல். மணமும் நிறமும் இல்லாத கார்பன் மோனாக்சைடு வாயு உறங்குபவரை எழுப்புவதே இல்லை.

எந்த எரிபொருள் என்பதைக் கேட்டு, கண்ணில் படும்படி முன்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள். அமெரிக்காவில் டீசல் குழாயின் கைப்பிடி பெரும்பாலும் பச்சை நிறத்தில் இருக்கும். நிறத்தை நம்பாமல் எழுத்தைப் படித்துப் பிடியுங்கள். பூங்காவுக்குள் கேன்யன், ஃபிஷிங் பிரிட்ஜ், கிராண்ட் வில்லேஜ், மாம்மத், ஓல்டு ஃபெய்த்ஃபுல், டவர் ஜங்ஷன் ஆகிய இடங்களில் பெட்ரோல் நிலையங்கள் இருக்கின்றன. தொட்டி பாதியானதும் நிரப்புவதை வழக்கமாக்கிக்கொண்டால் அதைப் பற்றிய கவலையே வராது. கைபேசிச் சமிக்ஞை பெரும்பாலான இடங்களில் கிடைக்காது என்பதால், தேசியப் பூங்காத் துறையின் செயலியில் யெல்லோஸ்டோன் பக்கத்தை முன்கூட்டியே தரவிறக்கிக்கொள்வதும், வாயிலில் தரும் காகித வரைபடத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதும் அவசியம்.

வேனுக்குள் சமையலும் உறக்கமும்

யெல்லோஸ்டோனின் முகாம்கள் பெரும்பாலும் 2,000 மீட்டருக்கு மேல் உள்ளன. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 93 டிகிரி செல்சியசிலேயே கொதித்துவிடும். கொதிப்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் அரிசி வேக வழக்கத்தைவிட நேரமாகும். பருப்போ விரலில் நசுங்க இன்னும் வெகுநேரம் எடுக்கும். நம் சமையல் செய்ய விரும்புபவர்கள் மூன்று லிட்டர் குக்கர் ஒன்றைக் கட்டாயம் எடுத்துச் செல்லுங்கள். வேறு எந்தப் பாத்திரத்தை விட்டாலும் அதை விடாதீர்கள். எரிவாயு மிச்சமாகும், பருப்பும் குழையும். ரவையை ஊரிலேயே வறுத்துக் கொண்டுபோனால் உப்புமா பத்து நிமிட வேலை. புளிக்காய்ச்சல் ஒரு பாட்டில் இருந்தால் மூன்று நாள் மதிய உணவுக்குச் சோறு மட்டும் வடித்தால் போதும். சிறிய உருளையில் வரும் பியூட்டேன் அடுப்பு உறைநிலைக் குளிரில் சரியாக எரியாது, ஏனெனில் பியூட்டேன் திரவம் ஏறத்தாழ 0 டிகிரிக்குக் கீழே ஆவியாவதில்லை. அதனால் விடியற்காலைக் காப்பிக்கு புரொபேன் அடுப்பே நம்பகமானது. சமைக்கும்போது கூரைக் காற்றாடியைப் போட்டு, ஒரு சாளரத்தையும் திறந்து வையுங்கள்.

கரடிகள் வாழும் நிலத்தில் சமைக்கிறோம் என்பதை ஒரு நொடியும் மறக்கக் கூடாது. உணவு மட்டுமல்ல, கழுவாத பாத்திரம், குப்பைப் பை, பற்பசை, தலைக்குத் தேய்க்கும் எண்ணெய் என மணமுள்ள எதையும் வெளியே மேசைமேல் விட்டுவிட்டு நகரக் கூடாது. எல்லாவற்றையும் வேனுக்குள் வைத்துச் சாளரங்களை மூடிப் பூட்ட வேண்டும், அல்லது முகாமிலுள்ள கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். இது வெறும் அபராதத்துக்குரிய விதி அல்ல. மனித உணவின் ருசி கண்ட கரடி மீண்டும் மீண்டும் முகாமுக்கு வரத் தொடங்கும். கடைசியில் அதைக் கொல்ல வேண்டிய நிலை வரும். நாம் விட்டுவந்த ஒரு தட்டு, நாம் ஊர் திரும்பிய பிறகு ஒரு விலங்கின் உயிரை எடுக்கலாம். பாத்திரம் கழுவிய நீரையும் மண்ணில் கொட்டக் கூடாது. அதற்கென உள்ள தொட்டியில்தான் ஊற்ற வேண்டும்.

இரவில் குளிருக்குப் பயந்து எல்லாத் திறப்பையும் அடைத்துவிட்டால், இருவரின் மூச்சுக்காற்றே கண்ணாடியிலும் சுவரிலும் நீராகப் படிந்து, காலையில் போர்வை ஈரமாகிவிடும். கூரைத் திறப்பை இரண்டு விரல் அளவு திறந்து வைத்துவிட்டுக் கூடுதலாக ஒரு கம்பளியைப் போர்த்துக்கொள்வதே சரியான முறை. ஜெனரேட்டர் அனுமதிக்கப்பட்ட முகாம்களிலும் காலை 8 மணிமுதல் இரவு 8 மணிவரைதான் அதை இயக்கலாம்.

ஓட்டும்போது இருவரின் பொறுப்பு

இருவர் மட்டுமே செல்லும் பயணத்தில் பொறுப்பைத் தெளிவாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் சாலையை மட்டுமே பார்ப்பார். விலங்குகளைத் தேடுவதும், வரைபடம் பார்ப்பதும், படம் எடுப்பதும் அருகில் இருப்பவரின் வேலை. ‘அதோ கரடி!’ என்ற குரல் கேட்டதும் ஓட்டுபவர் தலையைத் திருப்பினால் எதிரே நின்றுகொண்டிருக்கும் வாகனம் அவர் கண்ணில் படாது. விலங்கைப் பார்க்க வேண்டுமானால் அடுத்த ஒதுங்கிடம்வரை ஓட்டிச் சென்று, நான்கு சக்கரங்களும் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே இருக்கும்படி நிறுத்துங்கள். சாலை நடுவே நிறுத்துவது சட்டப்படி குற்றம். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொண்டால் இருவருக்கும் பார்க்கும் வாய்ப்பு கிடைக்கும். அதற்காக வாடகை ஒப்பந்தத்தில் இருவர் பெயரையும் ஓட்டுநராகச் சேர்க்க வேண்டும். நாங்கள் அதைச் செய்யாமல் விட்ட ஆண்டில், என் கணவர் காட்டெருமைகள் மேயும் ஹேடன் பள்ளத்தாக்கை ஒரு முறைகூட நிம்மதியாகப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பின்னால் வாகனங்கள் சேர்ந்துவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள். டன்ரேவன் கணவாயிலிருந்து இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதிக்காமல் குறைந்த கியரில் இறங்குங்கள். வீட்டுச் சாமான்களோடு கூடிய வேனின் எடை, பிரேக்கை விரைவில் சூடாக்கிவிடும். இருட்டிய பின் ஓட்டாமல் இருப்பதே நல்லது. கரும்பழுப்பு நிறக் காட்டெருமை, தார்ச்சாலையில் நிற்கும்போது விளக்கொளியிலும் மிக அருகில் வந்த பிறகே தெரியும்.

நாட்களை எப்படி அமைப்பது

வேனில் தங்குவதன் உண்மையான பயன் விடியற்காலையிலும் நடுப்பகலிலும்தான் தெரியும். விடுதியில் தங்கியவர்கள் காலை உணவு முடித்துக் கிளம்பும் நேரத்தில் நீங்கள் ஏற்கெனவே பள்ளத்தாக்கில் இருக்கலாம். அவர்கள் நிறுத்துமிடம் தேடி அலையும் நடுப்பகலில் நீங்கள் ஓர் ஆற்றோரத்தில் வேனை நிறுத்திச் சாப்பிட்டுவிட்டுச் சிறிது உறங்கலாம். காலை 6 முதல் 10 வரை, மாலை 5 முதல் இருட்டும்வரை சுற்றிப் பாருங்கள், இடையில் ஓய்வெடுங்கள்.

மேடிசனில் தங்கும் மூன்று நாட்களும் வெந்நீர் ஊற்றுகளுக்கானவை. அங்கிருந்து ஓல்டு ஃபெய்த்ஃபுல் 16 மைல். அந்தக் கெய்சர் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை, 32 முதல் 56 மீட்டர் உயரம்வரை கொதிநீரைப் பீய்ச்சுகிறது. முந்தைய பீச்சல் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதைக் கொண்டு அடுத்ததை ரேஞ்சர்கள் கணிக்கிறார்கள்: குறுகிய பீச்சலுக்குப் பின் காத்திருப்பு குறைவு, நீண்டதற்குப் பின் அதிகம். பெரும்பாலானோர் அதைப் பார்த்ததும் கிளம்பிவிடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்யாமல், மரப்பலகைப் பாதையில் மார்னிங் குளோரி குளம்வரை நடந்து வாருங்கள். உலகிலுள்ள செயல்படும் கெய்சர்களில் ஏறத்தாழ பாதி இந்தப் பூங்காவில்தான் இருக்கின்றன என்பதன் பொருள் அந்த நடையில்தான் புரியும்.

வழியிலுள்ள கிராண்ட் பிரிஸ்மாட்டிக் ஊற்றை மட்டும் விடியலில் பார்க்கப் போகாதீர்கள். குளிர்ந்த காலையில் ஆவி எழுந்து நிறங்களை முழுவதும் மறைத்துவிடும். வெயில் ஏறிய பிறகு, ஃபேரி ஃபால்ஸ் பாதையில் ஒரு கிலோமீட்டர் அளவு ஏறிப் பார்வைமேடையிலிருந்து பாருங்கள். அகன்ற நீல வட்டமும், அதைச் சுற்றியுள்ள மஞ்சள், ஆரஞ்சு வளையங்களும் அங்கிருந்துதான் முழுமையாகத் தெரியும். அந்த வண்ணங்கள் வெப்பத்தில் வாழும் நுண்ணுயிர்களுடையவை. இதே பகுதியிலுள்ள ஓர் ஊற்றில் 1966இல் தாமஸ் பிராக் என்ற அறிஞர் எடுத்த ‘தெர்மஸ் அக்குவாட்டிகஸ்’ பாக்டீரியாவிலிருந்து கிடைத்த நொதிதான், பின்னாளில் பிசிஆர் பரிசோதனையை எளிதாக்கியது. கொரோனா நாட்களில் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்துக்கொண்ட ஒவ்வொருவரும் இந்த ஊற்றுகளுக்குச் சிறிது கடன்பட்டவர்கள் என்று எண்ணியபடி அந்த மேடையில் நின்றது எனக்கு மறக்க முடியாத பொழுது.

மரப்பலகைப் பாதையைவிட்டு ஓர் அடிகூட இறங்காதீர்கள். கெட்டியான தரை போலத் தெரிவது சில இடங்களில் கொதிநீரின் மேல் படிந்த மெல்லிய ஓடு மட்டுமே. இந்தப் பூங்காவில் வெந்நீர் ஊற்றுகளில் வெந்து இறந்தவர்கள் 20 பேருக்கும் அதிகம். 2024 ஜூலை 23 அன்று பிஸ்கட் பேசின் என்ற ஊற்றுப் பகுதியில் நிலத்தடி நீராவி வெடித்து, பாறைகளை வாரி இறைத்து, நடைபாதையையே உடைத்தது. அதன் பின் அந்தப் பகுதி மூடப்பட்டது. மூடியிருக்கும் பகுதிகளின் அன்றாடப் பட்டியலைப் பார்வையாளர் மையத்தில் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள்.

மூன்றாம் நாள் காலை நாரிஸ் ஊற்றுப் பகுதியைப் பார்த்துவிட்டு, வடக்கே வெந்நீரின் சுண்ணாம்பு படிந்து உருவான மாம்மத்தின் வெண்படிகளுக்குச் சென்று திரும்பலாம். நான்காம் நாள் வேனைக் கேன்யனுக்கு நகர்த்துங்கள். அங்கு 94 மீட்டர் உயரத்திலிருந்து விழும் கீழ் அருவியைக் காலை வெளிச்சத்தில் ஆர்ட்டிஸ்ட் பாயின்ட் என்ற பார்வையிடத்திலிருந்து பார்க்க வேண்டும். மாலையில் தெற்கே ஹேடன் பள்ளத்தாக்குக்குச் செல்லுங்கள். ஆற்றங்கரை முழுவதும் காட்டெருமைகள் மேயும்.

ஐந்தாம் நாளே என்னைப் பொறுத்தவரை பயணத்தின் உச்சம். காலை நான்கரை மணிக்கு எழுந்து, காப்பியைக் குடுவையில் ஊற்றிக்கொண்டு, லமார் பள்ளத்தாக்குக்குக் கிளம்புங்கள். இருட்டில் ஓட்டக் கூடாது என்ற விதிக்கு இந்த ஒரு நாளை மட்டும் விலக்காக்கி, மணிக்கு 30 மைலுக்கு மேல் போகாமல் செல்ல வேண்டும். யெல்லோஸ்டோனில் ஓநாய்கள் 1926க்குள் முற்றிலும் வேட்டையாடி அழிக்கப்பட்டன. ஏறத்தாழ எழுபது ஆண்டுகளுக்குப் பின், 1995, 1996 ஆகிய இரு ஆண்டுகளில் கனடாவிலிருந்து 31 ஓநாய்களைக் கொண்டுவந்து இங்கே விட்டார்கள். அவற்றின் வழிவந்தவற்றைப் பார்க்க, முக்காலியில் தொலைநோக்கி பொருத்திச் சாலையோரத்தில் விடியுமுன்பே பலர் நின்றிருப்பார்கள். அவர்கள் நிற்குமிடத்தில் வண்டியை ஒழுங்காக ஒதுக்கிவிட்டு, கதவை ஓசையின்றிச் சாத்தி, மெல்லிய குரலில் கேட்டால், தங்கள் தொலைநோக்கியைத் தந்து பார்க்கச் சொல்வார்கள். எங்களுக்கு அப்படித்தான் முதல் ஓநாய் தெரிந்தது. மிகத் தொலைவில், சாம்பல் நிறப் புள்ளியாக, பனி படிந்த புல்லில் நடந்துகொண்டிருந்தது.

விலங்குகளிடமிருந்து விலகி நிற்க வேண்டிய தூரம் சட்டமாகவே இருக்கிறது: கரடி, ஓநாய், கூகர் எனப்படும் மலைச்சிங்கம் ஆகியவற்றிடமிருந்து 100 கஜம், அதாவது 91 மீட்டர், காட்டெருமை, எல்க் உள்ளிட்ட மற்றவற்றிடமிருந்து 25 கஜம், அதாவது 23 மீட்டர். இப்பூங்காவில் வேறெந்த விலங்கையும்விட அதிகமானோரைக் காயப்படுத்தியது காட்டெருமைதான். அசைபோட்டுக்கொண்டு பசுவைப் போல அமைதியாக நிற்கும். ஆனால் மனிதனைப் போல மூன்று மடங்கு வேகத்தில் ஓடும். வாலை உயர்த்தினால் பாயப் போகிறது என்று கொள்ளுங்கள். நடைபயணங்களில், பாய்ந்து வரும் கரடியின்மேல் அடிக்கும் மிளகாய் நெடித் தெளிப்பானான கரடி ஸ்ப்ரேயை ஆளுக்கொன்றாக இடுப்பில் மாட்டிக்கொள்ளுங்கள். பைக்குள் இருப்பது உதவாது. ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் பத்தடி பின்தங்கும் நேரத்தில் மற்றவருக்குப் பாதுகாப்பு இல்லை.

திரும்பும் நாள்

கேன்யனிலிருந்து தெற்கு நோக்கி யெல்லோஸ்டோன் ஏரிக்கரையைப் பிடித்துச் சென்றால், வெஸ்ட் தம்ப் ஊற்றுகளைத் தாண்டித் தெற்கு வாயில் வழியாகக் கிராண்ட் டீட்டனில் இறங்கலாம். நேரம் இருப்பவர்கள் அங்கு இரண்டு இரவுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். முகாமிடத்தை முன்கூட்டியே பதிவு செய்யும் விதி அங்கும் அப்படியே பொருந்தும்.

வேனைத் திருப்பிக் கொடுப்பதற்கு முன் கழிவுநீர் இறக்கும் நிலையத்தில் இரு தொட்டிகளையும் காலிசெய்யுங்கள். முதலில் கழிவறைத் தொட்டி, பிறகு பாத்திரம் கழுவிய நீர்த் தொட்டி என்ற வரிசையில் திறந்தால் இரண்டாவது நீரே குழாயைக் கழுவிவிடும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். எரிபொருளை நிரப்பி, உள்ளே பெருக்கி, ஒவ்வொரு மூலையையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மிச்சமிருக்கும் கரடி ஸ்ப்ரேயை விமானத்தில், கைப்பையிலோ பெட்டியிலோ, எடுத்துச் செல்ல அனுமதி இல்லை. கடைசி முகாமில் உங்களுக்குப் பின் வந்து சேரும் யாருக்காவது, காலாவதித் தேதியைக் காட்டி, எப்படிப் பிடிப்பது என்றும் சொல்லிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.